அரைக் கிலோ கழித்து

"அரைக் கிலோவைக் கழிச்சியா?" என்று அப்பா கேட்டார்.

"கழிச்சாச்சுப்பா."

"வெத்துத் தராசே அரைக் கிலோ காட்டுது. அதையும் என் கணக்குல சேர்த்து ஊசி போட்டுடாத, நர்சம்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை. குளியலறையில் வாஷ்பேசின் ஓரமாகக் கிடந்த பழைய எடை இயந்திரத்தின்மேல் அப்பா நின்றுகொண்டிருந்தார். முள் ஐம்பத்தெட்டரையில் நின்றது. அரை போக ஐம்பத்தெட்டு. போன வாரமும் அதே ஐம்பத்தெட்டு. மகள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அப்பா சிரித்தார். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி நுரையோடு சொன்னான்: "அப்பா எடை கல்வெட்டு மாதிரி. மாறவே மாறாது."

மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அப்பா ஆயுள் முழுக்க வேலை பார்த்தது லாரி எடைமேடையில். சரக்கு ஏற்றிய லாரியின் எடையிலிருந்து வெறும் லாரியின் எடையைக் கழித்தால் சரக்கு. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்தக் கழித்தலுக்குள் எத்தனை தில்லுமுல்லு! ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்துவார்கள். வெறும் லாரியை நிறுக்கும்போது டிரைவர் கேபினுக்குள் இரண்டு ஆளைப் படுக்க வைப்பார்கள். அப்பாவிடம் எதுவும் பலித்ததில்லை. "முள்ளுக்காரர்" என்றே டிரைவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். மனுஷன் வாய் பொய் சொல்லும், முள் சொல்லாது என்பார்.

மகளுக்கும் அந்தப் புத்திதான். மருத்துவமனையில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு மருந்துக் கணக்கு சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. "வேண்டிய மருந்தை, குப்பியில இருக்கிற மருந்தால வகு. அது எவ்வளவு தண்ணியில கரைஞ்சிருக்கோ அதால பெருக்கு. சின்னப் பிள்ளைக் கணக்குதான். ஆனா பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சு வாங்கினா பாஸ். இங்க நூத்துக்கு நூறு வாங்கினாத்தான் பாஸ்." எடையைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "உன் கண்ணு என்ன தராசா? ஏத்தி நிறுத்திப் பாரு."

அப்பாவின் காலில் ரத்தம் உறைந்து கட்டியபோது டாக்டர் எழுதிக் கொடுத்த, ரத்தத்தை இளக்கும் ஊசியும் எடைக் கணக்குதான். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், காலையும் மாலையும். "நீயே நர்ஸ். வீட்டுலயே போடு" என்றார் டாக்டர். "ஆனா வாரம் ஒரு தடவை எடை பாரு. ஐம்பத்தஞ்சுக்குக் கீழ போனா யோசிக்காத. வார்டுல சேர்த்துடு."

வார்டு என்றதும் அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா அந்த வார்டுக்குள் தன் காலால் நடந்து போனவள். திரும்பி வந்தது அவள் பை மட்டும்.

அதற்கப்புறம்தான் அப்பா எடை பார்க்கும்போது இடது கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார்.

"கையை எடுங்கப்பா."

"தலை சுத்துது. விழுந்து வைக்கவா?"

"பிடிச்சா எடை குறைச்சுக் காட்டும்."

"காட்டட்டுமே. நெஜம் அதைவிடக் கூடத்தானே இருக்கும்? மருந்து ஒரு சொட்டுக் குறைஞ்சா ஒண்ணும் ஆயிடாது."

அதில் நியாயம் இருந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பவரின் எடை குறைவாகத்தான் தெரியும், மருந்தும் குறைவாகத்தான் போகும். கூடினால்தான் ஆபத்து. அவள் தலையாட்டிவிட்டாள். குப்பியில் ஒரு மில்லிக்கு நூறு மில்லிகிராம். ஐம்பத்தெட்டை நூறால் வகுத்தால் புள்ளி ஐந்து எட்டு. ஊசிக்குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, கோட்டில் மயிரிழை பிசகாமல் நிறுத்துவாள்.

அப்பாவின் பேன்ட் மட்டும் இடுப்பில் நிற்க மறுத்தது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். கேட்டால், "இந்தக் காலத்துத் துணி துவைக்கத் துவைக்க விரியுது" என்பார். அவளும் எடை இயந்திரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். முள் சொல்லாத ஒன்றைப் பெல்ட் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த ஞாயிறு முற்பகலில் குழாய்க்காரர் வந்தார். வாஷ்பேசின் ஒரு மாதமாகச் சுவரோரம் கசிந்துகொண்டிருந்தது. அவர் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அக்கா, ஆளுங்க மேல சாஞ்சு சாஞ்சு பேசின் கீழ இறங்கித்தான் நான் பார்த்திருக்கேன். இது மேல எழும்பியிருக்கு. யாரோ அடியில கை குடுத்து நெம்பியிருக்காங்க. வீட்டுல பயில்வான் யாராச்சும் இருக்காங்களா?"

"என் மகன்தான்" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வேலை வெட்டி இல்லாதவன். பேசினைத் தூக்கி விளையாடுறான்."

"ஏன்ப்பா, ஊர்ல எது உடைஞ்சாலும் நான்தானா?" என்றான் தம்பி.

புது போல்ட் வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் குழாய்க்காரர் போய்விட்டார். மகள் வாஷ்பேசினுக்கும் சுவருக்கும் நடுவில் பிளந்திருந்த கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஓடினாள்.

அன்று மாலை ஊசி போடச் சட்டையைத் தூக்கியபோது வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது.

"வலிக்குதாப்பா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

ஊசி போட்ட இடம் கன்றத்தான் செய்யும். ஆனால் இது பழைய கன்றல்களோடு சேர்ந்து, வரைபடத்தில் நாடு பரவுவதுபோல் பரவியிருந்தது. நாளை ரத்தம் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே, வயிற்றின் மறுபக்கமாகப் பார்த்து, புள்ளி ஐந்து எட்டைப் போட்டாள்.

காலையில் ரத்தம் எடுத்து, அந்த வேளை ஊசியையும் போட்டுவிட்டு அவள் வேலைக்குப் போன பிறகு, அலமாரிக் கதவின் முனையில் அப்பா தலையை இடித்துக்கொண்டார். பெரிய இடி இல்லை. "கதவுக்குத்தான் வலிச்சிருக்கும்" என்றாராம் தம்பியிடம். மதியம் தலை வலிக்கிறது என்று படுத்தவர், சாயங்காலம் கண்ணைத் திறந்து, "வெறும் வண்டி போயிடுச்சா? அதை நிறுக்கலையே" என்று கேட்டார். தம்பி அக்காவுக்குப் போன் செய்தபோது அவன் குரல் சின்னப் பையனின் குரலாக இருந்தது.

எந்த வார்டுக்குப் பயந்தாரோ அதே வார்டு. படுத்திருப்பவரின் எடையைக் கட்டிலே காட்டும். கால்மாட்டில் பச்சை எழுத்தில் நாற்பத்தாறு என்று எரிந்தது.

"கட்டில் தப்பாக் காட்டுது" என்றாள் மகள். "திரும்பப் பாரு."

"பார்த்துட்டேன்க்கா" என்றாள் அவளிடமே கணக்குப் படித்த செவிலி. "போர்வை, தலையணை எல்லாம் கழிச்சாச்சு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான்."

யாரும் கேட்காமலே அவள் மண்டைக்குள் கணக்கு ஓடியது. நாற்பத்தாறை நூறால் வகு. புள்ளி நான்கு ஆறு. ஒவ்வொரு வேளையும் கால் பங்குக்குமேல் அதிகம். வேளைகளை எண்ணத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

விடிவதற்குள் முடிந்துவிட்டது. தலைக்குள் ரத்தம் என்றார் டாக்டர். சிறுநீரகமும் சோர்ந்திருந்ததாம், மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கியிருக்கும். "சரியான அளவு போட்டிருந்தாலும் இது நடந்திருக்கலாம்மா" என்றார். நல்ல மனிதர். நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம் என்பதில் பாதியை மட்டும் சொன்னார்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு ஒருநாள் குழாய்க்காரர் புது போல்ட்டோடு வந்து நின்றார். தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் கழிச்சு வரச் சொல்லு" என்றாள்.

பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடை இயந்திரத்தின்மேல் ஏறினாள். இடது கையை வாஷ்பேசினின் அடியில், அப்பாவின் கை இருந்த இடத்தில் வைத்தாள். அங்கே பீங்கான் வழவழவென்று இருந்தது. அவள் பிடித்துக்கொள்ளவில்லை. மேல்நோக்கி அழுத்தினாள். வாஷ்பேசின் மெல்ல முனகியது. காலடியில் முள் ஏறியது. கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம், அதிகம் அழுத்தினால் அதிகம், கேட்ட இடத்தில் வந்து நின்றது. லாரிக்காரன் அத்தனை பேரின் திருட்டையும் பிடித்தவர், தன் திருட்டை மகள் கண்ணெதிரிலேயே, முள் ஒரு கோடு ஆடாமல் செய்திருக்கிறார். வீட்டிலேயே இருக்க. அவள் மூச்சை விடுவதைப் பார்க்க.

கையை எடுத்தாள். இறங்கினாள்.

முள் கீழே வந்தது. யாரும் ஏறாத தராசில், எப்போதும்போல், அரைக் கிலோவில் நின்றது.