முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் கூடலூர் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டு வாசிப்பது பதினோரு வருஷமாக என் வேலை. பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சபையார் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, காணிக்கையோடு கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பிரசங்கத்துக்கு முன்னால் நான் எழுந்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். மகன் பாஸானதற்காக, பசு சுகமாக ஈன்றதற்காக, பல்வலி நின்றதற்காக. ஒவ்வொன்றுக்கும் சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். அய்யாத்துரைக்கு வெண்கலக் குரல் என்று ஊரில் பேச்சு. அந்தக் கர்வத்தில் எந்தச் சீட்டையும் நான் முன்னதாகப் பிரித்துப் பார்த்ததில்லை. அதற்கு வாங்கிய கூலியைத்தான் இப்போது சொல்கிறேன்.

என் தம்பி பொன்னுராஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காய்கறிக் கடை வைத்திருந்தான். செவ்வாய்தோறும் ஜீப்பில் காயும் கருவாடும் ஏற்றிக்கொண்டு குமுளி தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போவான், புதனன்று திரும்புவான். எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம், மழை பிய்த்துக்கொண்டு ஊற்றிய ஒரு செவ்வாயில், "போகாதடா" என்றேன். "தோட்டத்துச் சனம் என்னத்தத் திங்கும், அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனான். புதனும் வரவில்லை, வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சேதி வந்தது. மேலே உருள்பொட்டலாம். மலையாளத்துக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மலையே சேறாகி இறங்கிவிடும். ஜீப் ஆற்றில் கவிழ்ந்து கிடந்தது. டிரைவரின் உடல் கிடைத்தது. தம்பி கிடைக்கவில்லை.

நானும் நாலு பேரும் போய் இரண்டு நாள் ஆற்றோரமெல்லாம் தேடினோம். அட்டைக் கடியும் காய்ச்சலும்தான் மிச்சம். சனிக்கிழமை பொழுது சாயத் திரும்பி வந்தபோது, தம்பி பெண்சாதி கிருபாவதி வாசலில் நின்றாள். இரண்டு பெண் பிள்ளைகளும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. என் முகத்தைப் பார்த்தவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆராதனை. ஏழாவது கவரோ எட்டாவது கவரோ, பிரித்தேன், வழக்கம்போல ராகமாக வாசித்தேன். "என் கணவர் பொன்னுராஜ் சுகமாய் வீடு திரும்பியதற்காக..."

சபை எனக்கு முந்திக்கொண்டது. "ஸ்தோத்திரம்!" என்று கூரை அதிரச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் நான் வாசித்தது என் காதில் விழுந்தது. கோயிலைப் பெருக்கித் துடைக்கும் கோயில்பிள்ளை பலவேசம் சந்தோஷத்தில் ஓடிப்போய் மணியை அடித்துவிட்டான். பெண்கள் வரிசையில் கிருபாவதி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "இல்லை, அவன் வரவில்லை" என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மீதிக் கவர்களை எப்படி வாசித்தேனோ, தெரியாது.

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எப்போது வந்தான், எங்கே கிடந்தான், அடி பலமா என்று ஆளுக்கொரு கேள்வி. "இன்னும் வரல. வருவாக" என்றாள். அதோடு கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிடக் கொடுமை. மணிச் சத்தத்தோடு சேதியும் தெருவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள், தெய்வத்துக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பொன்னுராஜுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏத்தா கிருபா, தம்பி எங்கன? குழம்பு ஆறுறதுக்குள்ள ஒரு வாய் திங்கச் சொல்லு."

கிருபாவதி சட்டியை வாங்கிக்கொண்டாள். பதில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சங்கிலியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "புத்தி பேதலிச்சுப் போச்சா ஒனக்கு? வராதவன வந்துட்டான்னு எழுதிக் குடுத்திருக்க! என் வாயாலேயே வாசிக்க வச்சிட்டியே!"

"ஐயர்தான அத்தான் போன மாசம் பிரசங்கத்துல சொன்னாக, கிடைக்கும் முன்னாடியே நன்றி சொல்றவன்தான் விசுவாசின்னு."

எங்கள் போதகரைத்தான் ஐயர் என்கிறாள். அந்தப் பிரசங்கத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். பாவி, இவள் விழித்திருந்து கேட்டிருக்கிறாள்.

"விசுவாசமாம் விசுவாசம்!" என்றேன்.

"விசுவாசம் இல்ல அத்தான், பயம். வரலைன்னு ஒத்துக்கிட்டா வராமலே போயிருவாகளோன்னு பயம். எனக்குத் தைரியமே இல்ல அத்தான்."

அதற்கு மேல் நான் என்ன திட்டுவது? இரண்டு குழந்தைகளும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. "அப்பாவுக்கு வச்சிரு" என்றாள் சின்னவள்.

வியாழக்கிழமை தம்பி கிடைத்தான். ஜீப் கிடந்த இடத்துக்கு நாலு மைல் கீழே, பாறை இடுக்கில். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. இடுப்புப் பெல்ட்டில் கடைச் சாவி இருந்தது, அதைப் பார்த்து அவன்தான் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். பெட்டியைத் திறக்க விடவில்லை. கிருபாவதி அழவில்லை. குழிமேட்டிலிருந்து திரும்பும்போது என்னிடம் கையை நீட்டி, "சாவி" என்றாள். கொடுத்தேன்.

அன்று ராத்திரி ஜெபம் பண்ண முழங்காலில் நின்றேன். அவள் நம்பிக் கொடுத்த சீட்டு ஆண்டவர் சந்நிதியில் பொய்யாய்ப் போய்விட்டதே, அந்த வெட்கம் அவளுக்கா, எனக்கா, அவருக்கா என்றுதான் மனம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். புருஷனைப் புதைத்து இரண்டாம் நாள் வெளியே வரும் பெண்ணை எங்கள் சனம் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியாதா? வந்தாள். வெள்ளைச் சேலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தட்டில் ஒரு கவரும் போட்டாள்.

இந்த முறை நான் முன்னதாகப் பிரித்துப் பார்த்தேன். பட்டால்தானே புத்தி வருகிறது. அவள் கையெழுத்துதான், கோணல்மாணலாக இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கடைசியாக எடுத்து வாசித்தேன்.

"நாளைக் காலையில் கடையைத் திறக்கத் தைரியம் தந்ததற்காக."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன வாரம் சூடு கண்டவர்களாயிற்றே. நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். சாவியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். சின்னவள் விரலைப் பிரிக்கப் பார்த்தும் விடவில்லை. தைரியம் வந்திருக்கவில்லை. அவள் சீட்டு எழுதுகிற விதம் எனக்குத் தெரியும்.

அத்தனை வருஷத்தில் நான் வாசித்ததோடு சரி, பதில் சொன்னதில்லை. அன்றைக்குச் சபைக்குப் பதிலாக நான் சொன்னேன், "ஸ்தோத்திரம்." வெண்கலக் குரல் எங்கே போயிற்றோ, முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.