வெண்ணெய்ச் சந்தில் சிக்கிய யானை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியமான உண்மை. பைபிள் மேல் கை வைத்தே சொல்லலாம். ஆனால் நெட்டில்பரியில் பைபிள் மேல் கை வைத்தவர்களில் பாதிப்பேர் பொய் சொல்லிவிட்டதால் என் இடது முழங்கால் மேல் ஆணையிடுகிறேன். மழை வரும் என்று அது சொல்லி ஒருநாளும் பொய்த்ததில்லை. அந்த ஊரில் மழை வராத நாளும் இல்லை என்பது வேறு விஷயம்.

நெட்டில்பரியில் வெண்ணெய்ச் சந்தின் மேல்முனையில் ஆணி, தாழ்ப்பாள், பெயிண்ட் விற்கும் கடை வைத்திருந்தவர் செட்ரிக் ஹாப்லி. கடைக்கு மேலேயே வீடு. ஆள் கொஞ்சம் கனம். அவர் உட்கார்ந்தால் நாற்காலி யோசிக்கும். சந்து அவர் வாசலில் தொடங்கி, சரிந்து இறங்கி, நேரே சர்ச் வாசலில் போய் நிற்கும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் மன்னிப்புக் கேட்டுத்தான் ஆகவேண்டும். இரண்டு பேருமே கேட்பது ஊர் வழக்கம். சின்னக் கார் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு பக்கமும் பழைய கல் சுவர்கள், இடுப்புயரத்தில் தொப்பை தள்ளி நிற்கும்.

இப்படிப்பட்ட ஊருக்குள்தான் அந்த வண்டிகள் வர ஆரம்பித்தன. மலையேறவென்று செய்த வண்டிகள். ஏறியது என்னவோ நடைபாதை மேல்தான். ஆற்றைக் கடக்கும் சக்கரத்தோடு வந்து அரை ராத்தல் வெண்ணெய் வாங்கிப் போவார்கள். ஊரார் அவற்றுக்கு யானை என்று பெயர் வைத்தார்கள். செட்ரிக் கடையின் தொங்கும் பெயர்ப்பலகையை யானைகள் அடிக்கடி தட்டிவிட்டுப் போயின. ஒருமுறை பலகை ஒரு வண்டியின் கூரையிலேயே உட்கார்ந்து ஊர்வலம் போனது. அடுத்த மாவட்டத்திலிருந்து ஒருவர் ஆணி கேட்டு வந்து நின்றபோதுதான் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது.

அந்த ஊரில் யாரையும் முகத்துக்கு நேரே திட்டும் பழக்கம் கிடையாது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, 'த்ச்' என்பார்கள். அதற்கு அடுத்த படி கொலை. ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் நின்ற வரிசை மேல் ஒரு யானை சேற்றை வாரி இறைத்தது. வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் 'த்ச்' என்றது. அந்தச் சத்தத்தில் மணிக்கூண்டுப் புறாக்கள் எழும்பிப் போய்ப் பக்கத்து ஊரில் குடியேறின. இன்னும் திரும்பவில்லை.

அன்று மாலையே சந்துப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. செட்ரிக் தலைவர். 'நீல வாத்து' மதுக்கடையில் நாற்காலி மேல் ஏறி நின்று அவர் சபதமே செய்துவிட்டார்.

"அந்த யானை வயித்துக்குள்ள என் கால் பட்டுச்சுன்னா, அதுக்கப்புறம் எவனும் என்னை ஹாப்லின்னு கூப்பிட வேணாம்!"

"வேற என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டான் மதுக்கடைக்காரன் ஹொரேஸ்.

"அது உங்க இஷ்டம்."

"நிறைய பேரு யோசிச்சு வச்சிருக்கோம், செட்ரிக். கவலைப்படாதே."

இருக்கிற யானைகளிலேயே பெரியது லாவினியா ஸ்ட்ரட் அம்மாளுடையது. லண்டனிலிருந்து குடிவந்தவர். அமாவாசை இருட்டு நிறத்தில், மூன்று வரிசை இருக்கையோடு, கூரையில் ஆள் எழும்பி நிற்கிற அளவு ஜன்னல் வைத்த வண்டி. அந்தம்மாள் நல்லவர்தான் என்று சிலர் சொன்னார்கள். வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தால்தானே அதெல்லாம் தெரியும்.

செட்ரிக்கின் ஒரே மகள் ரோவெனாவின் கல்யாணம் மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் வந்தது. ஆற்றோரச் சாலையைக் குழாய் பதிக்கிறவர்கள் தோண்டிப் போட்டு, சுற்றிலும் வேலி கட்டி, மறந்தும் போயிருந்தார்கள். ஆகவே சர்ச்சுக்குச் சந்து ஒன்றே வழி. மாப்பிள்ளை டங்கன் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்ப்பவன். மறுநாளே கப்பலேற வேண்டும். திரும்பி வர இலையுதிர்காலம் ஆகும். பாதிரியாருக்கோ மதியத்துக்கு மேல் பக்கத்து ஊரில் இன்னொரு கல்யாணம். பன்னிரண்டு மணி அடித்தால் சைக்கிளில் ஏறிவிடுவார்.

செட்ரிக் வால் வைத்த கோட்டும் உயரத் தொப்பியுமாகக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் லாவினியாவின் யானை சந்து முனையில் வந்து நின்றது. அந்த வாரம் சர்ச்சுக்குப் பூ அலங்காரம் செய்யும் முறை அவருடையது. வண்டி நிறைய ரோவெனாவின் கல்யாணப் பூக்கள். லாவினியா சந்தைப் பார்த்தார். தன் வண்டியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுப் பின்னால் எடுக்கத் தயாரானார்.

இங்கேதான் விதி விளையாடியது. நெட்டில்பரிக்காரர் எவருக்கும் ஒரு கை உண்டு. அது மூளையிடம் அனுமதி கேட்காது. எதிரே ஒரு வண்டி தயங்கி நின்றால் தானாக எழும்பி, 'நீங்க போங்க, நீங்க முதல்ல' என்று காட்டிவிடும். செட்ரிக்கின் கை எழும்பியது. இது யாருடைய வண்டி என்று மூளை எடுத்துச் சொல்வதற்குள் அழகாக ஒரு வளைவு வளைந்து வழியும் காட்டிவிட்டது.

லாவினியாவுக்கோ தர்மசங்கடம். நுழையாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் இவ்வளவு மரியாதையாக வழிவிட்டபின் போகாமல் இருப்பது எப்படி? பதிலுக்குக் கையுயர்த்தி நன்றி சொல்லிவிட்டு உள்ளே விட்டார். புட்டிக்குள் தக்கையை அறைந்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஊர் கூடிவிட்டது. கதவுகள் இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. லாவினியா பூக்களுக்கு நடுவே மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இந்தச் சந்துக்குள்ள எந்தக் கழுதைங்க உங்களை வரச் சொன்னது?" என்று ஹொரேஸ் பின்பக்கக் கண்ணாடி வழியாகக் கத்தினான்.

லாவினியா உள்ளிருந்த கண்ணாடியில் செட்ரிக்கின் முகத்தைப் பார்த்தார். செட்ரிக் தன் காலணியைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலை. நானாத்தான் வந்தேன்," என்றார் லாவினியா.

ஊரே 'த்ச்' என்றது. செட்ரிக்கின் காது இரண்டும் தக்காளியாகச் சிவந்தன.

ஆண்கள் சேர்ந்து தள்ளினார்கள். தள்ளத் தோதாக லாவினியா கியரைத் தளர்த்தி வைத்தார். ஒவ்வொரு தள்ளுக்கும் முன்னால் வண்டியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். வண்டி மன்னிக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

கீழே சர்ச் வாசலில் டங்கனோடு காத்திருந்த பாதிரியாரின் குரல் வந்தது. "செட்ரிக்! நான் சைக்கிளுக்குக் காத்தடிச்சாச்சு!"

மணப்பெண் ரோவெனா வெள்ளை உடையோடு வண்டிக்குப் பின்னால் சந்து முனையில் நின்றாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதைவிட அழுதிருக்கலாம் என்று இருந்தது செட்ரிக்குக்கு.

அப்போது அவர் மனைவி மேவிஸ் கல்யாணத் தொப்பியைக் கழற்றிவிட்டு வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். சுற்ற இடமில்லாததால் பின்பக்கம் மட்டும் பார்த்தாள்.

"டிக்கி திறக்குதா, லாவினியா?"

"திறக்கும்."

"கூரை?"

"அதுவும்."

"அப்புறம் என்ன? பின்னால ஏறி மேல வழியா இறங்கிப் போயிட வேண்டியதுதான். இது வண்டின்னு யாரு சொன்னது? கதவு வச்ச சந்து."

டிக்கி திறந்ததும் ஊருக்கு உயிர் வந்துவிட்டது. எதற்காகவாவது வரிசை நிற்கலாம் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு வரும் உற்சாகமே தனி. முதலில் பித்தளை வாத்தியக்காரர்கள். பிறகு உறவினர்கள். ஒவ்வொருவரும் கால் துடைத்துவிட்டு, குனிந்து, "மன்னிக்கணும், உங்க வீட்டுக்குள்ள இப்படி..." என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். லாவினியா புதினா மிட்டாய் டப்பாவை நீட்டினார்.

"தலை பத்திரம். வாங்க. கடைசி வரிசைக்கு யாருமே போனதில்ல, அங்க என்ன இருக்கும்னு எனக்கே தெரியாது."

கடைசி வரிசையில் போன பனிக்காலத்தில் காணாமல் போன தபால் நிலையத்துப் பூனை இருந்தது. நன்றாகப் பருத்திருந்தது. தொந்தரவு செய்தவர்களை முறைத்துவிட்டு மறுபடி தூங்கிப் போனது.

எட்னா அத்தை நடு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். "ஐயோ, சீட்டு சுடுதே!"

"பட்டன் இருக்குங்க, அணைச்சிடறேன்," என்றார் லாவினியா.

"அணைச்சீங்கன்னா பாருங்க. என் இடுப்பு வலி போச்சு. நான் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்."

மற்ற அத்தைகளும் உட்கார்ந்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெரிய முரசுக்காரர் முரசோடு கூரை ஜன்னலில் பாதி ஏறியதும், முரசு அங்கே மூடி மாதிரி உட்கார்ந்துகொண்டது. மேலேயும் வழி போயிற்று. பின்னால் இறங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வரிசையில் பிடித்த இடத்தை விட்டுக்கொடுத்த நெட்டில்பரிக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊர் முழுக்க உள்ளே ஏறி ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தது. மடி கிடைக்காதவர்களுக்குப் பூனை இடம்விட்டது. வாத்தியக்காரர்கள் சும்மா இருப்பானேன் என்று வாசிக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

ரோவெனா டிக்கி விளிம்பில் உடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே நின்றது செட்ரிக் மட்டும்.

"அப்பா, ஏறு."

"முரசு அடைச்சிருக்கேம்மா. ஏறி என்ன பண்றது?"

"என்னவோ பண்ணலாம். நீ கூட இருந்தாத்தான் நான் போவேன்."

"ரோவி, நான் ஊருக்கு முன்னால சொன்ன வார்த்தை..."

உள்ளேயிருந்து மேவிஸ் கழுத்தை நீட்டினாள். "வார்த்தையா? கீழ இருக்கிற அதே சர்ச்சுல என்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னியே. கல்யாணம் ஆன மறுவாரமே சமையல்கட்டு அலமாரிக்குக் கதவு போடறேன்னு. ஆணிக்கடை வச்சிருக்கிற மனுஷன்! அந்தக் கதவு எங்க?"

வண்டியே குலுங்கியது சிரிப்பில்.

கீழே மணிக்கூண்டு இருமிக்கொண்டது. அடிப்பதற்கு முன்னால் அது எப்போதும் இருமும். பாதிரியார் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.

செட்ரிக் மகளின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஒரு விஷயம். எல்லாரும் கேளுங்க," என்றார். முரசு நின்றது. "இந்தம்மா தானா வரலை. இவங்க திரும்பிப் போகத்தான் பாத்தாங்க. வாங்கன்னு கை காட்டின கழுதை நான்தான்."

பிறகு, ஊர் சரித்திரத்தில் முதல்முறையாக, யாரும் 'த்ச்' சொல்லவில்லை.

"கை அப்படித்தான்," என்றான் உள்ளே யாருடைய மடியிலோ இருந்த ஹொரேஸ். "என் கை போன வாரம் ஒரு திருடனுக்கு வழிவிட்டுடுச்சு."

"நீங்க சொல்லியிருக்கவே வேண்டியதில்லை, மிஸ்டர் ஹாப்லி," என்றார் லாவினியா.

"இனிமே நான் ஹாப்லி இல்லீங்க," என்று சொல்லி, செட்ரிக் வலது காலைத் தூக்கி யானையின் வயிற்றுக்குள் வைத்தார்.

முழங்கால் மேல் சத்தியம், நடந்தது இதுதான். ஊர் மொத்தத்தின் கனத்தில் ஏற்கனவே தொய்ந்து போயிருந்த வண்டி, செட்ரிக்கின் கனமும் சேர்ந்ததும் முனகியது. இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. சுவர்களின் தொப்பையில் மாட்டியிருந்த கதவுகள் தொப்பைக்குக் கீழே வந்தன. யானை ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு நழுவியது.

"பிடிச்சுக்கங்க!" என்றார் லாவினியா.

பிடித்துக்கொள்ள ஆளுக்கு ஆள்தான் இருந்தார்கள். யானை சரிவில் இறங்கியது. டிக்கியில் தந்தையும் மகளும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ரோவெனாவின் முக்காடு பின்னால் சந்தின் நீளத்துக்குப் பறக்க, முரசுக்காரர் கூரையில் பாதி உடம்போடு அடித்து நொறுக்க, எட்னா அத்தை "இன்னும் வேகமா!" என்று கூவ, வழியிலிருந்த ஜன்னல்தொட்டிப் பூக்களெல்லாம் வண்டி மேலேயே உதிர்ந்தன. ரோவெனா வாய்விட்டுச் சிரித்த சத்தத்தில், செட்ரிக்கும் தன்னை அறியாமல் தொப்பியை ஆட்டி, "வழி! வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். சந்தில் வழிவிட ஒரு ஈ காக்கை கிடையாது.

சைக்கிளில் ஒரு காலை வைத்திருந்த பாதிரியாரின் மூக்குக்கு முன்னால் லாவினியா பிரேக்கை மிதித்தார். மணிக்கூண்டு அடிக்க ஆரம்பித்தது. கல்யாணம் அந்த அடிகளுக்கு நடுவிலேயே நடந்தது என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. கடைசி அடி மோதிரம் போட்ட பிறகுதான் விழுந்தது.

விருந்தில் லாவினியா ஹொரேஸோடு ஆடினார். அடுத்த கூட்டத்தில் சங்கம் தலைவரை நீக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. கொண்டுவந்தவரும் யானைக்குள் ஏறியவர் என்று தெரிந்ததும், அது எல்லாருக்குமான மன்னிப்புத் தீர்மானமாக மாறிக் கைதட்டலோடு நிறைவேறியது. செட்ரிக்கை அன்றிலிருந்து ஒருவரும் ஹாப்லி என்று கூப்பிடுவதில்லை; 'பாகன்' என்கிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். இப்போதும் யானைகள் நடைபாதையில் ஏறினால் ஊரில் முதல் 'த்ச்' அவருடையதுதான். லாவினியா வண்டியைச் சந்தைத் திடலிலேயே நிறுத்திவிட்டு, கூடையோடு நடந்து வந்து ஆணி வாங்கிப் போகிறார். ரோவெனாவுக்கு இப்போது இரட்டைக் குழந்தைகள். தாத்தாவின் தோள் மேல் ஏறி உட்கார்ந்தால் இறங்குவதே இல்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: செட்ரிக் ஹாப்லி கல்யாணமே செய்துகொள்ளாதவர். என் முழங்கால் மழையைப் பற்றி மட்டும்தான் பொய் சொல்லாது.