மூன்றடுக்குக் கேக்கும் ஒரு பழைய ஜீப்பும்

இரண்டு கேக் உடைந்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஜீப் பேச்சு வந்தது.

அம்மா வீட்டிலேயே கல்யாணக் கேக் செய்து கொடுப்பாள். அப்பாவுக்கு செல்போன் கோபுரங்களைப் பழுது பார்க்கிற வேலை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கேக்கை விருந்து மண்டபத்தில் இறக்கிவிட்டுப் போவார். வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு மூன்று கிலோமீட்டர். அந்தப் பாதையைக் கல்குவாரி லாரிகள் தின்று தீர்த்துவிட்டன. எங்கள் சின்னக் காருக்கு வீட்டில் தவளை என்று பெயர். வயிறு தரையில் இடிக்க இடிக்கத்தான் அது அந்தப் பாதையைத் தாண்டும். போன மாதம் ஒரு கேக்கின் மேலடுக்கு சரிந்தது. இந்த மாதம் இன்னொன்று நடுவில் பிளந்தது.

மண்டபத்து மேனேஜரம்மா போனில் தன்மையாகத்தான் பேசினார்.

"உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா. ஆனா இன்னொரு தடவ இப்படி வந்தா நான் டவுன் பேக்கரிக்குத்தான் குடுக்கணும். கல்யாணப் பொண்ணு முன்னாடி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கறது?"

அடுத்த கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அம்மா போனை வைத்துவிட்டு, மாவே இல்லாத சல்லடையைக் கொஞ்ச நேரம் சலித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாதாமாதம் வேலை கொடுக்கிற இடம் அது ஒன்றுதான்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப ஜீப்தான்" என்றார். பழைய ஜீப்பாக இருந்தாலும் பரவாயில்லை, கோபுரத்துக்கும் அதிலேயே போய்க்கொள்ளலாம், தவளையை விற்றுவிடலாம் என்று மளமளவென்று சொன்னார். ரொம்ப நாளாக மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்த வண்டி என்று தெரிந்தது.

டயர் கடை வைத்திருக்கிற மாமா, அம்மாவின் தம்பி, விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், நெசத்தச் சொல்லுங்க. ஜீப்பு கேக்குக்கா, உங்களுக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றார் அப்பா, கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அதிலிருந்து விடுமுறை நாளெல்லாம் ஜீப் பார்க்கப் போனார்கள். நானும் தவளையின் பின்சீட்டில் போவேன், இறங்க மாட்டேன். அப்பா டார்ச்சும் ஸ்குரு டிரைவருமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். காலிரண்டும் மட்டும் வெளியே தெரியும். அம்மாவுடைய பரீட்சை வேறு. அலங்காரமில்லாத மூன்றடுக்குக் கேக் ஒன்றைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வருவாள். அப்பாவின் கையை நம்பாமல், பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவாள்.

"அடிப்பக்கத்த நீங்க பாருங்க, மேல நான் பாத்துக்கறேன்" என்பாள். "எங்க கல்லு அதிகமோ அங்க ஓட்டுங்க."

பரீட்சை முடிந்ததும் விற்கிறவருக்கே கேக்கை வெட்டிக் கொடுத்துவிடுவாள். ஒருவர் இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணி, இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டார். அவர் வண்டிக்கு பிரேக்கே சரியில்லை.

ஒரு பல் டாக்டரிடம் சிவப்பு ஜீப் இருந்தது. பெரிய டயர், பளபளவென்ற உடம்பு. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா பெட்டியோடு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏணி எதுவும் வெச்சிருக்கீங்களா டாக்டர்?"

அப்பா அடியில் புகுந்தார். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்த இடத்தில் ஸ்குரு டிரைவரால் குத்தியதும் அது பிஸ்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. எல்லாம் துரு. வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியாகப் போனது ஓய்வு பெற்ற ஒரு சர்வேயரம்மாவின் வீட்டுக்கு. அவர் ஜீப்பின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்று. குறைகளை அவரே எடுத்துச் சொன்னார். "மழை வந்தா இடது கதவு வழியா தண்ணி உள்ள வரும். ரெண்டாவது கியர் முனகும், கண்டுக்காதீங்க. இந்தக் குட்டைக் கம்பியப் போட்டா நாலு சக்கரமும் இழுக்கும். மாசத்துக்கு ஒரு தடவயாவது போட்டு எடுங்க, இல்லன்னா இறுகிடும்."

"அதிருமாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"நிலம் அளக்கற கருவிய இருபத்திரண்டு வருஷம் இதுலதான் கொண்டு போனேன். உள்ள எல்லாம் கண்ணாடி. ஒரு நாள்கூட அடிபட்டதில்ல."

கல்லும் பள்ளமுமாக ஓட்டிப் பார்த்தார்கள். பெட்டியைத் திறந்தால் கேக்கில் ஒரு கீறல் இல்லை. அம்மா சர்வேயரம்மாவுக்கு வெட்டிய துண்டின் அளவைப் பார்த்தே, வண்டி எங்களுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா ஒத்திகை பார்த்தார். ஒரு சாதாக் கேக்கைப் பின்னால் வைத்து, கீழே ஸ்பாஞ்ச் போட்டு, பெல்ட்டால் கட்டி, தார்ச்சாலை வரை போய்த் திரும்பினார். வாசலில் மாமாவோடு நாங்கள் எல்லாரும் நிற்க, பெட்டியைத் திறந்தார். மேலடுக்கு ஒரு மூலையில் போய்க் குப்புறக் கிடந்தது. நடு அடுக்கு கூழாகியிருந்தது.

அப்பா சர்வேயரம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் பதறியது.

"பின்னாடியா வெச்சீங்க? ஐயையோ! காலி வண்டி பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுமே. டிரைவர் ஓட்டுவாரு, கருவிய நான் மடியிலல்ல வெச்சுக்குவேன்! நீங்களும் அப்படித்தானே பாத்தீங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் மடியைப் பார்த்தாள். மூன்று வாரமாக நாங்கள் எந்த ஜீப்பையும் சோதிக்கவில்லை. அம்மாவின் மடியைத்தான் சோதித்திருக்கிறோம்.

"அப்ப நாளைக்கு நீயும் வந்துடு" என்றார் அப்பா.

"எப்படிங்க வர்றது? நீங்க திரும்பி வர்றதுக்குள்ள நூத்தம்பது சின்னக் கேக்குக்கு நான் க்ரீம் வெச்சாகணுமே!"

"நான் போறேங்க்கா" என்றார் மாமா.

"உனக்கு மடி எங்கடா இருக்கு? உக்காந்தா முட்டி வரைக்கும் வயிறு."

மாமா தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் வெளியாட்கள் இருக்கிற இடத்துக்கு நான் போவதில்லை. போனால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இது அம்மாவுக்குத் தெரியும்.

"பேச வேணாம்டி" என்றாள். "மடி மட்டும் போதும்."

காலையில் ஏறி உட்கார்ந்தேன். வெள்ளைச் சர்க்கரைப் பூக்களோடு மூன்றடுக்கும் என் தொடைமேல் ஏறியது. மூடிக்கு மேல் அம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. அவள் கதவைச் சாத்தினாள். இரண்டாவது கியர் முனகியது.

அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். "பள்ளம் வருதும்மா... இப்ப இடது பக்கம் சாயும்... கல்லு." முதல் பள்ளத்தில் பயந்து பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். உள்ளே எதுவோ ஆடியது தெரிந்தது. பிடியைத் தளர்த்தி, குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் காலை ஊன்றினேன். அதன் பிறகு வண்டிதான் குதித்தது, பெட்டி குதிக்கவில்லை.

பாதி வழியில் ஒரு குவாரி லாரி எதிரே வந்தது. ஒதுங்க இடமில்லை. அப்பா குட்டைக் கம்பியை இழுத்துப் போட்டு ஜீப்பை ஓரத்து மேட்டில் ஏற்றினார். வானம் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டது.

"கெட்டியாப் புடிச்சுக்கோ!"

"கெட்டியாப் புடிச்சா உடையும்ப்பா. நீங்க மெதுவா ஏத்துங்க."

அப்பா ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நான் சொன்னபடியே ஏற்றினார்.

மண்டபத்துச் சமையலறையில் மேனேஜரம்மா மூடியைத் திறந்து கேக்கை நாலா பக்கமும் சுற்றிப் பார்த்தார். ஒரு பூவின் அருகில் குனிந்து அப்படியே நின்றார்.

"ஒரு இதழ்கூட உதிரலயே" என்றார். "அடுத்த மாசம் மூணு கல்யாணம் இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடு."

"சரிங்க" என்றேன். அந்த ஒரு சொல் எப்படியோ வந்துவிட்டது.

வெளியே வந்தால் இரண்டு காலும் மரத்துப்போய் வண்டியில் ஏறவே முடியவில்லை. அப்பாதான் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். தார்ச்சாலை முடிந்து கல் பாதை வந்தது. மடி காலியாக இருந்தது. ஆனாலும் அவர் போனபோது ஓட்டிய மாதிரியே ஓட்டினார்.

"பள்ளம் வருதும்மா... கல்லு..."

"அதான் கேக் எறக்கியாச்சேப்பா."

"கால் மரத்துப்போச்சுன்னியே" என்றார், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் க்ரீம் பை. தூரத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கதவைத் திறந்ததும் முதலில் என் மடியைத்தான் பார்த்தாள்.