பதினேழாம் குழியில் நான் பார்க்காதது

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு விழா மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு கேட்டார்கள். கால்ஃப் மன்றத்தின் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கம் போதும் சார். பிறந்தது, வளர்ந்தது, வாங்கின கோப்பை, அப்புறம் நல்லதா நாலு வார்த்தை. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க. அவரைப் பத்தி உங்களை விட்டா வேற யாருக்கு சார் தெரியும்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத உட்காரவைத்தது. இன்று புதன்கிழமை. ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு பக்கம்கூட மலரில் போடத் தக்கதில்லை.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் தொழில்முறையாகக் கால்ஃப் ஆடியவன். இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறான். எங்கள் கூட்டத்தில் அவனுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். குழிக்கு அவன் தள்ளும் பந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலப் போகும். எனக்கு அவன் நண்பன். இந்த வார்த்தையை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் கைவசம் இருக்கின்றன.

"புல்வெட்டும் வண்டி ஓட்டுநரின் மகனாகப் பிறந்து, விடாமுயற்சி ஒன்றையே துணையாகக் கொண்டு..." [மலருக்குக் கச்சிதம். எனக்குக் கொட்டாவி வருகிறது.]

"பணியாளர் குடியிருப்பின் நீண்ட நடைபாதையில், பக்கவாட்டில் படுக்கவைத்த ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் அவன் நாளைக்கு முன்னூறு முறை பந்தைத் தள்ளினான். பந்து உள்ளே போகும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி வந்தது. போகாமல் விட்டால் அவனுடைய அப்பாவுக்கு வந்தது." [இது பரவாயில்லை. ஆனால் இப்படிச் சிரித்துக்கொண்டே தொடங்கினால், சொல்ல வேண்டிய இடம் வரும்போது நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.]

"அன்று பதினேழாம் குழியருகே அவன் கை..."

மூன்றாவது வாக்கியத்தை நான்கு முறை முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

3

அவனுடைய முப்பத்தாறாம் வயதில் 'விருந்தாளி' வந்தான்.

விருந்தாளி என்பது எங்கள் தொழிலில் ஒரு நோய்க்குப் பெயர். அதன் உண்மையான பெயரை யாரும் சொல்ல மாட்டோம். இருபது ஆண்டுகளாகத் தூக்கத்தில்கூடத் தவறவிடாத, குழிக்கு மூன்றடி தள்ளி நிற்கும் பந்தை ஒருவன் தள்ளப் போவான். அந்த நொடியில் முழங்கையை யாரோ தட்டிவிட்டது போலக் கை வெட்டிக்கொள்ளும். பந்து கண்ட இடத்துக்கு ஓடும். மருத்துவர் நரம்பில் கோளாறு இல்லை என்பார். வீட்டில் அதே கை ஊசியில் நூல் கோர்க்கும், பாத்திரம் நிரம்பப் பாலை எடுத்துவரும். மட்டையைப் பிடித்து, அடி கணக்கில் சேரும் என்கிறபோது மட்டும் வெட்டும்.

[பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. பார்த்தால் அதைவிடச் சீக்கிரம் ஒட்டும். விருந்தாளி வந்தவன் காலையில் சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போவார்கள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். அந்த மனிதர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.]

ஸ்கேல் அதனால்தான் மறைத்தான். காலையில் விடுதிக் குளியலறையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் முகத்தைப் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான். பிரஷ் ஒழுங்காகப் போய்வந்தால் ஒரு பெருமூச்சு. பிறகு, பிரஷ்ஷில் வராதது மட்டையில் வருமே என்று நினைத்துக்கொள்வான், மறுபடி கையைப் பார்ப்பான். அந்த ஆண்டுதான் அவன் கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தான். பத்திரிகைகள் அதைப் புது ஸ்டைல் என்று எழுதின. மட்டைப் பை தூக்க வைத்திருந்த ஆளை நிறுத்திவிட்டு மனைவியையே தூக்கச் சொன்னான். வெளியாள் பார்த்துவிடக் கூடாது என்று பயம்.

(இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். கொஞ்சம் அவனே பல வருடம் கழித்துச் சொன்னது. பிரஷ் நான் சேர்த்தது. அது என் குளியலறை.)

4

இனி அந்த நாள். பதினோரு ஆண்டுகளுக்கு முன்.

அறுபது பேர் ஆடும் போட்டி. முதல் இருபது பேருக்கு அடுத்த ஆண்டு தொடரில் ஆட உரிமை. மற்றவர்கள் வேறு வேலை தேட வேண்டியதுதான். ஸ்கேலுக்கு முப்பத்தெட்டு வயது. வேறு வேலை எதுவும் தெரியாது.

கால்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவன்தான் முந்துவான். அதற்குமேல் வாசகருக்கு இரண்டு விதிகள் தெரிய வேண்டும். ஒன்று: கால்ஃபில் உன் அடிகளை நீ எழுதுவதில்லை. கூட ஆடுகிறவன் உன் அட்டையை எழுதுவான், நீ அவனுடையதை எழுதுவாய். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு: நின்ற பந்தை உன் மட்டை தெரியாமல் தொட்டு நகர்த்திவிட்டால் தண்டனையாகக் கணக்கில் ஓர் அடி கூடும், பந்தைப் பழைய இடத்தில் வைத்து ஆட வேண்டும். வைக்காமல் ஆடினால் இரண்டு அடி. தெரிந்தே அதை மறைத்துக் கையெழுத்துப் போட்டால் போட்டியிலிருந்தே வெளியே.

பதினேழாம் குழி. ஸ்கேலின் பந்து குழியைச் சுற்றி மழித்த புல்மேட்டை ஒட்டிய நீளப் புல்லின் நுனியில் உட்கார்ந்திருந்தது. மெதுவாக ஒரு சின்னத் தூக்கு, அவ்வளவுதான் வேண்டும். அவன் குனிந்து மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தான். மனைவி மூன்றடி பின்னால் பையோடு நின்றாள். எட்டடி தள்ளிச் சக ஆட்டக்காரன் நின்றான், ஸ்கேலின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்தபடி. ஸ்கேலின் கை வெட்டியது. மட்டை புல்லுக்குள் ஒரு துள்ளு துள்ளியது. பிறகு அவன் நிதானித்து, பந்தைத் தூக்கி, குழிக்கு ஓரடியில் நிறுத்தினான். அடுத்த தள்ளில் உள்ளே. அந்தக் குழிக்கு மொத்தம் நான்கு அடி. சக ஆட்டக்காரன் நான்கு என்று எழுதினான். ஆட்டம் முடிந்ததும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

என் மனைவி இந்த இடம்வரை படித்தாள்.

"யாரிது, சக ஆட்டக்காரன்? மத்தவங்களுக்கெல்லாம் முகம் இருக்கு. இவன் மட்டும் துணிக்கடை பொம்மையாட்டம் நிக்கிறான். தூக்கிடுங்களேன்."

"தூக்க முடியாதும்மா."

"ஏன்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"அது நீங்களா?"

5

நான்தான்.

இப்போது வலை கட்டிய திடலில் அலுவலகக்காரர்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். எப்போதாவது பத்திரிகையில் எழுதுகிறேன். அன்று இருபதாம் இடம் ஸ்கேலுக்கு. இருபத்தொன்று எனக்கு. வித்தியாசம் ஓர் அடி. அவன் அதற்குப் பிறகு இரண்டு பெரிய கோப்பைகள் வாங்கினான். விருந்தாளி எப்படியோ அவனை விட்டுப் போய்விட்டான். நான் அதன் பிறகு போட்டியில் ஆடவே இல்லை.

பந்து அசைந்திருந்தால் அவன் கணக்கில் இரண்டு அடி கூடியிருக்கும். இருபதாம் இடம் எனக்கு.

அப்படியானால் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். பெருந்தன்மை என்று எழுதிப் பார்த்தேன். [அடித்துவிட்டேன். பச்சைப் பொய்.] நட்பு என்று எழுதினேன். [இதையும்.] நடந்தது இதுதான்: அவன் கை வெட்டத் தொடங்கியதைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்தால் எனக்கு ஒட்டிவிடும் என்ற பயம். அவனுடைய பந்தைப் பார்ப்பதுதான் என் வேலை, அட்டை என் பையில் இருக்கிறது, நானோ தூரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது பந்து புல்லுக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது போலத் தோன்றியது. முன்பே அப்படித்தான் இருந்ததோ என்னவோ. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அசைந்திருந்தால் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு நான்கு என்று எழுதினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

6

ஆகவே இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் பந்து அசைந்தது. அவனுக்குத் தெரியும். மறைத்தான். அப்படியானால் பதினோரு ஆண்டுகளாக என் தோளில் கைபோட்டு நிற்பவன் என் பிழைப்பைத் தூக்கிக்கொண்டு போனவன். அவனுக்குத்தான் நல்லதாக நாலு வார்த்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவதில் பந்து அசையவில்லை. அவன் யோக்கியன். நான்தான் ஓர் அடி மோசமாக ஆடித் தோற்றேன். இத்தனை நாள் மனதுக்குள் ஒரு நல்ல மனிதனைத் திருடன் என்று திட்டித் தீர்த்திருக்கிறேன்.

எது எனக்கு அதிகப் பயம் என்று கேட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாவதுதான். முதலாவதில் எனக்கு ஒரு நியாயமாவது இருக்கிறது. இரண்டாவதில் எனக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் அவனிடம் கேட்கவில்லை.

7

வியாழக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன், மலருக்கென்று தனியாக எழுதிய இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு. தேதிகள் சரியா என்று பார்க்க வேண்டும் என்பது சாக்கு. அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணா. உள்ள உக்காந்திருக்கார்."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்குத் துணி மடிக்கப் போனாள். கதவு திறந்தே இருந்தது. ஸ்கேல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, இரண்டு பக்கத்தையும் படித்தான். டம்ளர் வரும் இடத்தில் சிரித்தான். படித்து முடித்ததும் காகிதத்தை முழங்கால்மேல் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான்.

"பதினேழாம் குழியைப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

நான் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

"அதுல எழுத என்னடா இருக்கு?"

"நீ பாத்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லிடு. பந்து அசைஞ்சுதா?"

"என்னைக் கேக்கறே? நீதானடா குனிஞ்சு நின்னுட்டிருந்தே."

"நான் கண்ணை மூடிட்டிருந்தேன்டா."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கறுப்புக் கண்ணாடி எதுக்குன்னு நெனச்சே, ஸ்டைலுக்கா? கண்ணை மூடிட்டு அடிச்சா விருந்தாளி வரமாட்டான்னு கண்டுபிடிச்சிருந்தேன். ரெண்டு வருஷம் சின்ன அடியெல்லாம் அப்படித்தான் ஓட்டினேன். அன்னிக்கு மூடியும் வந்துட்டான். மட்டை எதுலயோ பட்டுச்சு. புல்லா பந்தா தெரியல. கண்ணைத் திறந்து உன்னைப் பாத்தேன். நீ சும்மா நின்னே. அசைஞ்சிருந்தா நீ விட்டிருப்பியா? உன் இடமாச்சே அது. அட்டையில நாலுன்னு நீ எழுதியிருந்ததைப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போட்டேன்."

"நான் உன்னை நம்பித்தான் நாலுன்னு எழுதினேன்."

"பொய் சொல்லாதே."

"நான் மரத்தைப் பாத்துட்டிருந்தேன்டா."

அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். பதினோரு ஆண்டுகளாக என்னைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவான் என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவானாம். கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறபோதும் கூட்டத்தில் நான் இருக்கிறேனா என்றுதான் தேடுவானாம். நான் அவனுக்காகச் சந்தோஷப்பட வந்திருக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த அறையில் துணியை உதறும் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் இருவரும் கவனித்தோம். அன்று குழியருகே மூன்றடி பின்னால் நின்றவள் அவள். பை தூக்குகிறவர்களுக்கு ஒரே பாடம்தான், எது நடந்தாலும் பந்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அவள் அந்த வேலையில் கெட்டி.

"அவளைக் கேட்டதே இல்லையா?" என்றேன், கிசுகிசுப்பாக.

"இல்ல."

"ஏன்டா?"

"கேட்டா சொல்லிடுவாடா."

அவள் மடித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? மலருக்கு ஏதாவது விட்டுப்போச்சாண்ணா? கேளுங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

ஸ்கேல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கண்கள் கெஞ்சின. கேள் என்றா, கேட்காதே என்றா, எனக்குப் புரியவில்லை. அவனுக்கே புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் கேட்டேன்: "இவன் பிறந்த தேதி பதினாலா, பதினஞ்சாம்மா?"

"பதினாலு," என்றாள். எழுதிக்கொண்டேன்.

மலர் வெளியாகிவிடும். அதில் தேதியெல்லாம் சரியாக இருக்கும். இந்தக் கதையை மட்டும் என்னால் முடிக்க முடியாது. தைரியம் உள்ள எழுத்தாளன் என்றால் இன்னொரு வரி எழுதியிருப்பான். எனக்கு அது இல்லை, அவனுக்கும் இல்லை. உங்களுக்கு இருந்தால் நீங்களே அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேதியைச் சொன்ன பிறகும் அவள் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள்.