கெங்கம்மாளின் கிணறும் பஞ்சாயத்துச் சங்கிலியும்

நாவல்பேடு பஞ்சாயத்து போர்டில் குமாஸ்தாவாக இருந்த துளசிராமனுக்கு இருபத்திரண்டு வயது. எங்கே என்ன தப்பு நடந்தாலும் அது தன் தப்பாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்துக்கொண்டு அப்புறம்தான் தேடத் தொடங்குவான். செவ்வாயும் வெள்ளியும் சாயங்கால ரயிலைப் பிடித்துப் பொன்னேரிக்குப் போய், நில அளவையும் வரைபடமும் கற்றுத்தரும் மாலை வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருவான். அவனுடைய டைரியில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று பத்திகள் உண்டு. செய்த வேலை, கற்றது, செய்த பிழை. முதல் இரண்டும் நாலைந்து வரியில் முடிந்துவிடும். மூன்றாவது ஓரத்தில் ஏறி, மேலே போய், தேதியைச் சுற்றிக்கொண்டு வரும்.

ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் போர்டுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. சிறு தொழில்களுக்காகப் பேட்டை அமைக்கச் சர்க்கார் இடம் தேடுகிறது. ரயிலுக்குப் பக்கத்தில், ஒரே துண்டாக, கிணறும் பயிரும் இல்லாத புறம்போக்கு இருபது ஏக்கர் வேண்டும். ஒரு சென்ட் குறைந்தாலும் மனு எடுத்துக்கொள்ளப்படாது. மாதக் கடைசிக்குள் வரைபடம் சைதாப்பேட்டை கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பிரசிடெண்ட் ராஜமாணிக்கம் அந்தக் காகிதத்தை நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நம்ம ஊரு பசங்க விடியக்காலம் ரயிலேறி மெட்ராசுக்கு மூட்டை தூக்கப் போறானுங்க. அதே மூட்டைய இங்கயே தூக்கட்டுமே. ரயில் வேலிக்கு அந்தாண்ட மேடு சும்மாதான கெடக்குது. அளந்துடு துளசி" என்றார்.

மேடு அளப்பதற்கு வாகாகத்தான் இருந்தது. மேற்கே ரயில் வேலி. கிழக்கே கெங்கம்மாள் நிலத்தின் எல்லைக் கல். பழைய சர்வே படத்தில் வேலியிலிருந்து கல் வரை இருபது சங்கிலி நீளம், ரோட்டிலிருந்து ஏரிக்கரை வரை பத்துச் சங்கிலி அகலம். ஒரு சங்கிலி என்பது நூறு கண்ணி கோத்த இரும்புக் கம்பி, அறுபத்தாறு அடி. இருபதும் பத்தும் பெருக்கினால் சரியாக இருபது ஏக்கர். அளந்துதான் பார்க்க வேண்டுமா என்றுகூட யாராவது கேட்டிருக்கலாம். ஆனால் துளசிராமன் அளக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. ரோடும் ஏரிக்கரையும் எங்கேயும் ஓடிப்போகாது என்பதால் அகலத்தைப் படத்திலிருந்தே எடுத்துக்கொண்டான். நீளத்தை மட்டும் பியூன் பூவராகவனை ஒரு முனை பிடிக்கச் சொல்லி அளந்தான்.

பத்தொன்பது சங்கிலி, நாற்பத்திரண்டு கண்ணி.

தான் எண்ணியதில் கோளாறு என்று திரும்ப அளந்தான். அதே. மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் மூன்றாம் தரம் அளந்தான். அதே. ஐம்பத்தெட்டுக் கண்ணி குறைவு. முப்பத்தெட்டு அடி.

"மூணு வாட்டியும் ஒரே மாதிரி வந்துதுன்னா நீ அளந்தது சரி. கல்லுதான் தப்பு" என்றார் ராஜமாணிக்கம். "முன்னாடி யாரோ கல்ல இந்தாண்ட நவுத்தி நட்டுக்கினு இருக்கறாங்க."

நீ அளந்தது சரி என்று ஒருவர் சொல்லிக் கேட்பது துளசிராமனுக்குப் பழக்கமில்லாத விஷயம். அன்றைக்கு டைரியில் மூன்றாம் பத்தியைக் காலியாக விட்டான். அந்த வெள்ளைத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த முப்பத்தெட்டு அடிக்குள்தான் கெங்கம்மாளின் கிணறு இருந்தது.

கெங்கம்மாள் இரண்டேகால் ஏக்கரில் நெல்லும் கரையோரத்தில் கத்தரியும் வைத்துத் தனியாகக் காலம் தள்ளுகிறவள். ஏரி வற்றும் சித்திரையில் அந்தத் தெருவே அவள் கிணற்றில்தான் இறைக்கும். அந்தக் கிணறு போனால் பயிரும் போயிற்று, அவளும் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். ராஜமாணிக்கத்துக்கு அவள் ஒருவகையில் அத்தை முறை. நேரில் சொல்ல வாய் வராமல், பூவராகவனிடம் தமுக்கைக் கொடுத்து நாலு தெருமுனையிலும் அடிக்கச் சொல்லிவிட்டார். கெங்கம்மாள் புறம்போக்கைச் சேர்த்து அனுபவிக்கிறாள், பதினைந்து நாளில் விட்டுவிட வேண்டும், கிணறு தூர்க்கப்படும் என்று ஊர் முழுக்கக் கேட்டது.

நோட்டீசை நேரில் கொடுக்கத் துளசிராமன் போனபோது அவள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, காயிதம் எடுத்துக்கினு வந்துக்கிற. குந்து. மோரு குடிச்சிட்டு அப்புறமா என் கெணத்தத் தூக்கிக்கினு போ."

மோரில் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் மிதந்தன. அவன் ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தான்.

"மூணு தடவ அளந்தேன் பெரீம்மா. மூணு தடவையும் கொறையுது."

"நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்து முப்பத்திரெண்டு வருசம் ஆவுது. அந்தக் கல்லுலதான் எங்க எரும முதுவத் தேய்க்கும். அதுக்கு முன்னாடி அதோட ஆத்தாளும் அதுலதான் தேய்ச்சிது. கல்லு நவுந்திருந்தா எனுக்குத் தெரியாட்டியும் எருமைக்குத் தெரிஞ்சிருக்கும்."

"எரும சொல்றத கலெக்டரு ஒத்துக்க மாட்டாரே பெரீம்மா."

"பேட்டை வரட்டும், வேணாங்கல. என் தங்கச்சி புள்ளயும் மெட்ராசுல மூட்டைதான் தூக்குறான். ஆனா கெணத்தக் குடுத்துட்டு நான் இன்னாத்த குடிக்கறது." நோட்டீசை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "உங்க சர்க்காரு ரோட்டோரமா பர்லாங்குக்கு ஒரு கல்லு நட்டு வச்சிக்குதே, அதயும் நான்தான் நவுத்திட்டனா? போய் அளந்து பாத்துட்டு வா. அதுக்கும் சேத்து ஒரு நோட்டீசு எழுது."

அவள் வீம்புக்குத்தான் சொன்னாள். துளசிராமன் அதை வீம்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கற்றது என்ற பத்தியில், 'பர்லாங்கு என்பது பத்துச் சங்கிலி. அளந்து பார்க்கலாம்' என்று எழுதினான்.

மறுநாள் காலை பழவேற்காட்டு பஸ்ஸிலிருந்து அப்துல் வாஹித் இறங்கினார். வலை நூல் வியாபாரி. பேட்டை வந்தால் நூல் முறுக்கும் மெஷின் போட நாலாம் நம்பர் மனை தனக்குத்தான் என்று அவரே முடிவு செய்து, வாரம் ஒரு தரம் வந்து அந்த மேட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர்.

"தம்பி, நம்ம எடம் சவுக்கியமா கீதா?"

"பாய், ஒரு ஒத்தாசை செய்யணும். பூவராகவன் தபால் எடுத்துக்கினு பொன்னேரி போய்க்கிறாரு. சங்கிலிக்கு அந்த முனைய நீங்க புடிக்கணும்."

"வலை புடிக்கிறவனுக்கு சங்கிலி புடிக்கத் தெரியாதா. வா."

சலவை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரங்க் ரோட்டின் ஓரத்தில் அவர் முன்னால் நடக்க, துளசிராமன் பின்னால் ஒரு சங்கிலிக்கு ஓர் ஆணியாகக் குத்திக்கொண்டே போனான். ஒரு பர்லாங்குக் கல்லிலிருந்து அடுத்த கல்வரைக்கும் ஒன்பது சங்கிலி, எழுபத்தொரு கண்ணி.

"நான்தான் எங்கியோ ஆணிய விட்டுட்டேன் பாய்."

"சரி, வந்த வழியே அளப்போம்."

ஒன்பது சங்கிலி, எழுபத்தொரு கண்ணி. அடுத்த பர்லாங்கும் அதேதான். அப்துல் வாஹித் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"கெங்கம்மா கெட்டிக்காரப் பொம்பளதான் தம்பி. கும்மிடிப்பூண்டி வரைக்கும் நவுத்திட்டாங்க போல."

துளசிராமன் சிரிக்கவில்லை. டைரியைப் பின்னால் புரட்டினான். இரண்டு மாதத்துக்கு முன்னால், பங்குனியில், செய்த வேலை என்ற பத்தியில் இருந்தது: 'போர்டு சங்கிலிமேல் கட்டை வண்டி ஏறி அறுந்தது. கோபால் ஆசாரி பட்டறைக்கு அனுப்பினேன். மறுநாள் வந்தது.'

ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணி கண்ணியாக விரலில் தள்ளி எண்ண ஆரம்பித்தான். இதுவரை யாரும் கண்ணியை எண்ணியதில்லை. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும், எல்லாரும் வில்லையைத்தான் எண்ணுவார்கள்.

"தஸ்பீ மணி உருட்டுற மாதிரியே உருட்டுறியே தம்பி" என்றார் பாய்.

ஆறாவது வில்லைக்கும் ஏழாவது வில்லைக்கும் நடுவில் பதின்மூன்று கண்ணிகள் இருந்தன. மொத்தம் நூற்று மூன்று.

கோபால் ஆசாரி உலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சங்கிலியை வாங்கிப் பார்த்தார். தன் கைவேலையைத் தடவிப் பார்க்கும் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

"நான் போட்டதுதான் நைனா. ஒட்ட வச்ச எடமே தெரியாது பாரு. ஊரு சாமான், என் பட்டறைக்கு வந்து கொறைஞ்சி போச்சின்னு ஒருத்தன் சொல்லக்கூடாது. அதான் மூணு கண்ணி கொசுறா சேத்தேன். நல்ல கம்பி."

"கொசுறா ஆசாரி?"

"ஆமா. சும்மாதான் போட்டேன். இன்னும் ரெண்டு வேணுமா?"

துளசிராமனுக்கு அவர்மேல் கோபப்படத் தெரியவில்லை. சங்கிலி நீண்டதால் மேடு சுருங்கிக் காட்டியதை நிதானமாகச் சொன்னான். ஆசாரி கேட்டு முடித்ததும் துருத்தியை விட்டுவிட்டார். "அய்யய்யோ, அந்தம்மா கெணத்துலதான என் பொண்டாட்டியும் தண்ணி சேந்துறா" என்று முனகிக்கொண்டே எழுந்து, அங்கேயே மூன்று கண்ணியையும் கழற்றிக் கையில் கொடுத்தார்.

அன்று பகலிலேயே பாயும் அவனுமாக மேட்டை மறுபடி அளந்தார்கள். இந்தத் தரம் அகலத்தையும் விடவில்லை. நீளம் இருபது சங்கிலி, இரண்டு கண்ணி. அகலம் பத்துச் சங்கிலி, ஒரு கண்ணி. இருபது ஏக்கர் கல்லுக்கு இந்தப் பக்கத்திலேயே முழுசாக இருந்தது. கல்லின் ஒரு மூலை எருமை தேய்த்துத் தேய்த்து வழவழவென்று மின்னியது.

ராஜமாணிக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முதலில் அவருக்கு இருபது ஏக்கர்தான் காதில் விழுந்தது. பிறகுதான் மற்றது.

"தமுக்கு அடிச்சாச்சே துளசி."

"ஆமாங்க."

"நோட்டீச வாங்கிக் கிழிச்சிடலாம். தமுக்க எப்டிக் கிழிக்கிறது. பஞ்சாயத்து சங்கிலியே தப்புன்னா நாளைக்கு எவன் நம்ம அளவ ஒத்துக்குவான். பேசாம உட்டுடு. அத்தைகிட்ட நான் பதமா சொல்லிக்கறேன்."

துளசிராமன் போர்டில் சேர்ந்த இரண்டு வருஷத்தில் பிரசிடெண்ட் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அது பத்தாதுங்க. பெரீம்மா நெலத்தத் திருடினாங்கன்னு நாலு முனையில அடிச்சோம். இல்லன்னும் நாலு முனையில அடிக்கணும். என் பேரச் சொல்லியே அடிக்கட்டும். சங்கிலிய எண்ணாம அளந்தவன் நான்தான். இல்லன்னா, படத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க."

ராஜமாணிக்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஜன்னலோரம் நின்ற அப்துல் வாஹித் பக்கம் திரும்பினார். "இன்னா பாய், ஏழு கழுத வயசு எனுக்கு. இந்தப் புள்ள என்ன பேஜாரு பண்றான் பாரு."

"புள்ள சரியாத்தான சொல்றான் பிரசிடெண்டு. உப்ப ஜாஸ்தியா போட்ட கையாலதான தண்ணியும் ஊத்தணும்."

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "உன் பேரு எதுக்குடா. பஞ்சாயத்து பேரச் சொல்லி அடிக்கட்டும். நீ கூடப் போ" என்றார்.

பொன்னேரியிலிருந்து திரும்பிய பூவராகவன், வெயில் தாழ்ந்ததும் தமுக்கை மாட்டிக்கொண்டு கிளம்பினார். துளசிராமன் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நடந்தான். "பஞ்சாயத்து சங்கிலியில மூணு கண்ணி ஜாஸ்தி. கெங்கம்மா கல்லு நவுரல. கெணறு அவங்க கெணறுதான்" என்று நாலு முனையிலும் சொல்லியாயிற்று. கடைசியில் கெங்கம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"இங்கயும் ஒருவாட்டி அடி பூவராகவா. எரும கேக்கல."

பூவராகவன் சிரித்துக்கொண்டே ஐந்தாம் முறையும் அடித்தார். எருமை காதை மட்டும் ஆட்டியது.

துளசிராமன் பைக்குள்ளிருந்து மூன்று கண்ணியையும் எடுத்து அவளிடம் காட்டினான். "இதான் பெரீம்மா. ஆசாரி கொசுறா போட்டது."

அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "கம்பி நல்லாத்தான் கீது. எனுக்குக் குடுத்துடு. வாளிக் கயிறு பிடியாண்ட அறுத்துக்கினே கீது, அங்க கோத்துக்கறேன்."

"போர்டு சாமான் பெரீம்மா."

"போர்டு சாமான் நூறு கண்ணி. நீதான எண்ணுன."

அவன் யோசித்துப் பார்த்தான். கணக்கு அவள் பக்கம்தான் இருந்தது. அவள் கொடுத்த மோரை இந்தத் தரம் அடிவரை குடித்தான்.

வரைபடம் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தயாராயிற்று. மனைகளுக்கு மஞ்சள், உள் ரோட்டுக்குப் பழுப்பு, ரயிலுக்குக் கருப்பு. எல்லைக் கோட்டுக்கு வெளியே ஒரு சின்ன நீல வட்டம் போட்டு, 'கெங்கம்மாள் கிணறு' என்று எழுதியிருந்தான். சுற்றறிக்கையில் இதைக் கேட்கவில்லையே என்றார் ராஜமாணிக்கம். வெளியில் இருக்கிறது என்று தெரியட்டும் என்றான் துளசிராமன். அவர் கையெழுத்திட்டார்.

அப்துல் வாஹித் மேஜைமேல் குனிந்து விரல் வைத்துத் தேடினார். "நாலாம் நம்பரு எங்க தம்பி? இதா? கல்ல ஒட்டியா கீது."

"ஆமா பாய்."

"எரும முதுவு தேய்க்க வந்தா?"

"மூணு அடி வழி விட்டிருக்கேன் பாய்" என்று சொல்லி, துளசிராமன் அளவுகோலை வைத்து இன்னொரு தரம் சரிபார்த்தான்.