ஈரத்தில் போடாத கணக்கு

“பத்தடிப் பலகைய ஒரு பக்கம் எவ்ளோ உசரத்துல வெச்சா, மேல நடக்கறவன் வழுக்குவான்? உன் புஸ்தகத்துல போட்டிருக்குதா, அமிர்தம்?”

அக்காள் புருஷன் சாமுவேல் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அமிர்தவள்ளிக்கு அதுதான் தூக்கிவாரிப்போட்டது. மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து அவளை எட்டாவதோடு நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. திருப்பிக் கொடுக்காமல் தங்கிப்போன பௌதிகப் புத்தகம் ஒன்று அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு நோட்டு. சாய்வான பலகை, இழுக்கிற கயிறு, உருள்கிற குண்டு என்று அதிலுள்ள கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

“எங்கிட்ட ஏது மாமா புஸ்தகம்?”

“அரிசி அளக்கறப்போ கையில தட்டுப்பட்டுது. உங்கக்காகிட்ட சொல்லல, பயப்படாத.”

அவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை செய்தார். மேஸ்திரியாக்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. அங்கே சுண்ணாம்புத் தொட்டிகள் மேட்டில் இருந்தன, பட்டைச்சாறு ஊறும் தொட்டிகள் பள்ளத்தில். நடுவில் நாலடி இறக்கம். ஆட்கள் தோலைச் சுமந்துகொண்டு ஷாப்பையே சுற்றி நடந்தார்கள். பலகை போட்டு நேரே இறக்கச் சொல்லிவிட்டார் முதலாளி ஷபீ அஹமது.

“மேட்ட ரெண்டடி வெட்டிக் கொறைச்சா சாய்வு கம்மியாவும். ஆனா ஒரு வாரம் வேல நிக்கும். நாலடியிலயே போட்டுடலாமான்னு பாக்கறேன். பலகை மேல தோல் துண்டு அடிச்சுட்டா காலப் புடிச்சுக்கும்ல?” என்றார் சாமுவேல்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பியதும் அவள் கொல்லைக்குப் போனாள். ஆறு சாண் நீளப் பலகை ஒன்று கிடந்தது. வீட்டில் செருப்புத் தைக்க வைத்திருந்த தோலை அதன்மேல் இழுத்து ஆணியடித்தாள். தோலின் மேல் ஒரு சதுரக் கல்லை வைத்து, பலகையின் ஒரு முனையைச் செங்கல் செங்கலாக உயர்த்தினாள். மூன்று சாண் வந்தபோது கல் சரசரவென்று கீழே வந்தது. இரண்டு மடங்கு கனமுள்ள கல்லை வைத்தாள். அதுவும் அதே மூன்று சாணில்தான் வழுக்கியது. புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் கண்ணெதிரே நடந்ததும் ஓடிப்போய் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

ஆறுக்கு மூன்று என்றால் பத்துக்கு ஐந்து.

“அஞ்சடி வரைக்கும் நிக்கும், மாமா,” என்று கதவு நிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நாலடி தாராளமா தாங்கும்.”

“தோள்ல நாலு தோல் வெச்சிக்கினு வர்றவன்?”

“கனம் ஜாஸ்தியானாலும் அதே உசரந்தான்.”

“அப்போ ஹபீப் பாயும் நானும் ஒண்ணா?” ஹபீப் அவருடைய தோஸ்த். ஷாப்பிலேயே பெரிய உடம்புக்காரர்.

“பலகைக்கு ஒண்ணுதான்.”

சாமுவேல் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சொன்ன ஒன்றுக்கு ஒருவர் அப்படிச் சந்தோஷமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை காலையில் பலகை போட்டாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் கொல்லைக்குப் போனவள், செங்கல்மேல் சாய்த்து வைத்திருந்த தன் பலகையைப் பார்த்தாள். மேலே அடித்த தோல் நன்றாக ஊறி, பளபளவென்று இருந்தது. என்ன தோன்றியதோ, கல்லை எடுத்து வைத்தாள். கை எடுக்கும் முன்பே அது கீழே போய்விட்டது. ஒவ்வொரு செங்கலாக இறக்கிக்கொண்டே வந்தாள். இரண்டு சாணுக்கு வந்த பிறகுதான் கல் நின்றது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஊர் முழுக்க ஈரத்தோல் வாடைதான். காற்று திரும்பினால் சோற்றுத் தட்டிலேயே அந்த வாடை அடிக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டச்சொட்டத் தோல் போகிற வழிக்கு, வீட்டில் காய்ந்து கிடந்த தோலை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். புத்தகத்துப் பலகை காய்ந்த பலகை. அவளும் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொண்டாள்.

விளக்கேற்றும் முன்பே நோட்டில் எழுதி முடித்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் குழம்புக் கரண்டியும் கையுமாக அவர் எதிரில் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவர் பெண்டாட்டியைப் பார்த்து, “பூவு, உன் தங்கச்சி லேசுப்பட்டவ இல்ல. பலகை அவ கணக்குதான். மூணு நாளா ஒருத்தன் கால் வழுக்கல,” என்றார்.

“இவளா?” என்றாள் பூவம்மாள். சொல்லிவிட்டுத் தங்கையைப் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “வாயத் தொறந்து பேசமாட்டா, இவளா போட்டா?”

அந்தப் பார்வை அமிர்தவள்ளிக்கு வேண்டியிருந்தது. இன்னும் ஒரு நாள் வேண்டியிருந்தது. ஷாப்புப் பலகையில் அடித்த தோல் புதுசு, சுண்ணாம்புத் தண்ணி இன்னும் ஊறியிருக்காது, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று குழம்பை ஊற்றினாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஹபீபும் இன்னொருவரும் சாமுவேலை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். தோளில் தோலோடு மேலிருந்து வழுக்கி, கீழே தொட்டிக் கட்டையில் வலது கால் முட்டி போய் மோதியிருந்தது.

இரண்டரை மாசம் கழித்து அவர் கம்பு ஊன்றி நடந்தார். வலது முட்டி மடங்கவே இல்லை. ஹபீபை மேஸ்திரியாக்கி, மேட்டை ரெண்டடிக்கு வெட்டிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சாமுவேல் ஒன்றையே சொன்னார்: “ஆணிய நான்தான் சரியா அடிக்கல.” மச்சினியிடமும் அதையேதான். “உன் கணக்கு சரியாத்தான் இருந்துது அமிர்தம். என் காலுதான் பேஜார் பண்ணிடுச்சு.”

ஒவ்வொரு தடவையும் அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பூவம்மாள் தண்ணிக்குப் போயிருந்த நேரம். சாமுவேல் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தார்.

“ஹபீப் குடுத்தான். தள்ளுவண்டிக்கு ஒரு சாய்வு போடணுமாம். நீளம், உசரம் எல்லாம் இதுல இருக்குது. ‘உன் மச்சினியக் கேளு, நான் வேற யாரையும் நம்பமாட்டேன்’னு சொல்றான்.” சிரித்தார். “நானும் அதத்தான் சொன்னேன்.”

அவள் சீட்டைத் தொடவில்லை. எழுந்து அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு நோட்டை எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்துவிட்டுத் தூணோரம் போய் நின்றாள்.

சாமுவேல் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரல் மெதுவாக வரி வரியாக இறங்கியது.

‘செவ்வாய் சாயங்காலம். மழை. ஈரத்தோல். இரண்டு சாணுக்கு மேல் கல் நிற்கவில்லை. ஆறுக்கு இரண்டு. அப்படியானால் பத்தடிக்கு மூன்றடி நாலு அங்குலம். நாலடி தாங்காது. மாமாவிடம் சொல்லவேண்டும்.’

கடைசி வரியில் விரல் நின்றது. பிறகு மேலே போய், ‘செவ்வாய்’ என்ற வார்த்தையில் வந்து நின்றது.

“மாமா,” என்றாள்.

அவர் நோட்டை மூடிக் கீழே வைத்தார். தரையிலிருந்த சீட்டை எடுத்து, முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். சுவரைப் பிடித்து எழுந்து, கம்பை எடுத்து, மடங்காத காலை வாசற்படிக்கு மேல் தூக்கிவைத்துத் தெருவில் இறங்கிப் போனார்.