நேர்கோட்டில் ஒரு மேடு

செத்தவர் எங்காவது வேலைக்கு வருவாரா? வருவார் என்று அடித்துச் சொல்வாள் அந்த ராடார் நிலையத்துக் கண்காணிப்பாளர். அங்கே அணுக் கடிகாரத்தைப் பராமரித்துவந்தவர் அவள் கணவர்தான். அது மயிரிழை பிசகினாலும் மேலே ஓடும் செயற்கைக்கோளின் வேகத்தைத் தப்பாகக் காட்டும். அதனால் கடிகார அறைக்குள் யாரையும் விடமாட்டார், பெண்டாட்டியைக்கூட. தேநீர் வேளைக்குத் தான் மட்டும் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்.

அவர் போனபிறகு, தினமும் அதே தேநீர் வேளையில், அவள் மேசைத் திரையில் கடிகாரம் பிசகாமல் ஓடுவதைக் காட்டும் நேர்கோடு லேசாக மேடு கட்டியது. அறையோ பூட்டிக் கிடந்தது. அந்நேரத்தில் உள்ளே ஈ காக்கை கிடையாது. அவளுக்குப் புல்லரித்தது. பயமா? சேச்சே, சந்தோஷம்! அன்றிலிருந்து அந்த வேளைக்கு முகம் கழுவித் தலைவாரிக் காத்திருந்தாள்.

அவர் இடத்தில் வேலைக்கு வந்தவன் அவளுடைய கொழுந்தன்.

"அண்ணி, கடிகாரம் கெட்டுப்போச்சு. தூக்கிட்டுப் புதுசு வெச்சிடலாம்."

"தூக்கிப் பாரு, அப்புறம் தெரியும் சேதி! உங்க அண்ணன்டா அது."

அவன் கடிகாரத்தைத் தொடவில்லை. ஆனாலும் மண்டையைக் குடைந்தது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் எட்டிப் பார்த்தால், அறைக்குள் அண்ணி! கணவரின் சாவி அவளிடம்தான் இருந்தது. கடிகாரப் பெட்டியில் முதுகைச் சாய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தினமுமா அண்ணி?"

"அவரத் தனியா விட மனசு வரல."

அவன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். "அந்த மேடு உங்க உடம்புச் சூடுதான் அண்ணி. பெட்டிக்குள்ள மெதுவாத்தான் ஏறும். நீங்க திரும்பிப் போய் உக்காந்தப்புறம்தான் கோட்டுல தெரியும்."

"போடா பைத்தியக்காரா!"

அவளும் அந்த வேலையில் ஊறினவள், இது தெரியாதவளா? தெரிந்துகொள்ள மனமில்லாமல் இருந்துவிட்டாள், பாவம்.

மறுநாள் அவள் அறைப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டு வேளைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்தாள். தேநீர் வேளைக்குத் திரைமுன் வந்து அமர்ந்தாள். ஒரே ஒரு சின்ன மேடு, அது போதும் அவளுக்கு. கோடு நூல் பிடித்த மாதிரி போயிற்று. மற்றவர்கள் தேநீர் குடித்துத் திரும்பியபோதும் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

"கடிகாரம் நல்லாத்தான் இருக்கு. மாத்த வேண்டாம் அண்ணி" என்றான் கொழுந்தன், தரையைப் பார்த்தபடி.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்துக் கணவரிடம் கேட்டாள்:

"அப்போ ஒரு நாள்கூட நீங்க வரலையா?"